அமெரிக்காவில் முதல் வீடு: எஸ்க்ரோவும் க்ளோசிங் செலவும்

அமெரிக்காவில் முதல் வீடு வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் பலரும் டவுன் பேமென்டை மட்டும்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு 20 சதவீதம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். அது சேர்ந்தாயிற்று, இனி வீடு பார்க்கலாம் என்று இருப்பார்கள். அதற்கு மேலும் விலையில் 2 முதல் 5 சதவீதம் வரை க்ளோசிங் செலவுக்கு, அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி முடிக்கும் செலவுக்கு, எடுத்து வைக்க வேண்டும் என்பது ஆஃபர் போட்ட பிறகுதான் தெரியவரும். அதே வீட்டுக்கு இது 12 ஆயிரம் முதல் 30 ஆயிரம் டாலர் வரை.

இந்தத் தொகையை ஒரே கட்டணமாகப் பார்த்தால் எதைக் கேள்வி கேட்பது என்றே புரியாது. மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, லோன் தருபவர், வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி, வக்கீல் ஆகியோர் செய்யும் வேலைக்கான கட்டணம். இரண்டாவது, அரசுக்குப் போகும் பதிவுக் கட்டணமும் கைமாற்று வரியும். மூன்றாவது, எப்படியும் நீங்கள் கட்டியாக வேண்டிய வீட்டு வரி, இன்ஷூரன்ஸ், வட்டி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது. பேரம் பேச இடம் இருப்பது முதலாவதில் மட்டும்தான். ஆனால் பெரும்பாலோர் மூன்றாவதைப் பார்த்துப் பதறி ஏஜென்டிடம் சண்டை போடுகிறார்கள், முதலாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதை மாற்றத்தான்.

எஸ்க்ரோ இரண்டு இருக்கிறது

வீடு வாங்கும் அந்த ஒரு மாதத்தில் பேசப்படும் எஸ்க்ரோ ஒன்று. வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் பணத்தையும் பத்திரங்களையும் வாங்கி வைத்துக்கொள்வார். ஒப்பந்தத்தில் சொன்னதெல்லாம் நடந்த பிறகு பணம் விற்பவருக்குப் போகும், வீடு உங்கள் பெயருக்கு வரும். ஊரில் அட்வான்ஸை நேராக விற்பவர் கையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே அப்படிக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, வீடு வாங்கிய பிறகு உங்கள் லோனோடு கூடவே வரும் எஸ்க்ரோ கணக்கு. மாதத் தவணையோடு வீட்டு வரியிலும் இன்ஷூரன்ஸிலும் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சேர்த்து வாங்கி, பில் வரும்போது லோன் கம்பெனியே கட்டிவிடும். கலிஃபோர்னியாவில் இதை இம்பவுண்ட் கணக்கு என்பார்கள். முதல் எஸ்க்ரோ வீடு கைமாறியதும் மூடப்படும். இரண்டாவது அன்றுதான் தொடங்கும், லோன் இருக்கும் வரை ஓடும். "எஸ்க்ரோ க்ளோஸ் ஆகிவிட்டது" என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, இனி வரியை நாமே கட்ட வேண்டுமோ என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

ஆஃபர் ஏற்கப்பட்டதும்

2024 ஆகஸ்ட் 17 முதல், பெரும்பாலான ஏஜென்ட்கள் உங்களுக்கு வீடு காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏஜென்டுக்கு எவ்வளவு கமிஷன் என்பது அதில் இருக்கும். விற்பவர் அதைத் தர மறுத்தால் மிச்சத்தை நீங்கள் தர வேண்டி வரலாம். அதுவும் க்ளோசிங் செலவுதான். ஆகவே சதவீதத்தைப் பேச வேண்டிய நேரம் அந்தக் கையெழுத்துக்கு முன்பு. வீடு பிடித்துப்போன பிறகு பேசினால் உங்கள் பக்கம் வலு இருக்காது.

ஆஃபர் ஏற்கப்பட்டதும் எர்னஸ்ட் மணி என்ற அட்வான்ஸைக் கட்ட வேண்டும். டெக்சஸில் விலையில் 1 சதவீதம் சாதாரணம், கலிஃபோர்னியாவில் 3 சதவீதம் வரை கேட்பார்கள். இது கூடுதல் செலவு இல்லை, கடைசியில் உங்கள் பணத்தோடு சேர்த்துக் கழித்துக்கொள்வார்கள். இந்தப் பணம் திரும்பி வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவை ஒப்பந்தத்தில் இருக்கும் நிபந்தனைகள்: இன்ஸ்பெக்‌ஷன், அப்ரைசல் (வீட்டின் மதிப்பைக் கணிப்பது), லோன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நாள் உண்டு. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடுவுக்குள் விலகினால் பணம் திரும்பும், தாண்டி விலகினால் போய்விடலாம். டெக்சஸில் ஆப்ஷன் ஃபீ என்று சில நூறு டாலர் தனியாகக் கட்டி, குறிப்பிட்ட நாட்களுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் விலகிக்கொள்ளும் உரிமை வாங்குவார்கள். விலகினால் அந்த ஃபீ திரும்பாது, எர்னஸ்ட் மணி திரும்பும். போட்டி அதிகம் என்று ஏஜென்ட் சொன்னதற்காக எல்லா நிபந்தனைகளையும் விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. வேலையும் விசாவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பவர்கள் லோன் நிபந்தனையை விடவே கூடாது. வேலை போனால் லோன் போகும், நிபந்தனையும் இல்லாவிட்டால் எர்னஸ்ட் மணியும் சேர்ந்து போகும்.

பணத்தை வைத்திருப்பது யார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் டைட்டில் கம்பெனி. தெற்குக் கலிஃபோர்னியாவில் தனி எஸ்க்ரோ கம்பெனிகள் உண்டு, வடக்கே பெரும்பாலும் டைட்டில் கம்பெனியே அதையும் பார்க்கும். நியூ யார்க், மாசசூசெட்ஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் வக்கீல் இல்லாமல் நடக்காது. நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்தை வக்கீல் பார்த்து மாற்றவோ ரத்து செய்யவோ மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதை விடாதீர்கள்.

லோன் எஸ்டிமேட் வந்த அன்றே உட்கார்ந்து படியுங்கள்

பெயர், வருமானம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி, வீட்டின் மதிப்பு, லோன் தொகை ஆகிய ஆறு விவரங்களையும் கொடுத்துவிட்டால் விண்ணப்பம் கொடுத்ததாகக் கணக்கு. மூன்று வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கத் தாள் உங்களுக்கு வர வேண்டும். 2015 அக்டோபர் 3 முதல் இது நாடு முழுக்க ஒரே வடிவத்தில் இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று இடத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நீங்கள் அதைப் பார்த்து, சரி, மேலே போகலாம் என்று சொல்லும் வரை கிரெடிட் ரிப்போர்ட் செலவைத் தவிர வேறு எந்தக் கட்டணமும் அவர்கள் வாங்க முடியாது. ஆகவே தயங்காமல் பல இடத்தில் கேளுங்கள்.

இரண்டாம் பக்கம்தான் உயிர். ஏ பகுதியில் லோன் தருபவரின் சொந்தக் கட்டணம். பாயின்ட் வாங்கினால் அதுவும் இங்கேதான் வரும். ஒரு பாயின்ட் என்பது லோன் தொகையில் 1 சதவீதம், அதைக் கட்டினால் வட்டி கொஞ்சம் குறையும். "எங்கள் வட்டி குறைவு" என்று ஒருவர் சொன்னால் முதலில் ஏ பகுதியில் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பி பகுதியில் அவர்களே ஆள் வைத்துச் செய்யும் அப்ரைசல் போன்றவை. சி பகுதியில் நீங்கள் வெளியே விசாரித்து ஆள் தேர்ந்தெடுக்கக்கூடியவை: டைட்டில், செட்டில்மென்ட், சர்வே. ஈ பகுதி அரசுக்கு. எஃப், ஜி இரண்டும் முன்பணமும் எஸ்க்ரோ கணக்கின் தொடக்க வைப்பும்.

லோன்களை ஒப்பிடும்போது எஃப், ஜி இரண்டையும் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒரு லோன் ஆபீசர் வீட்டு வரியைக் குறைத்து மதிப்பிட்டால் அவருடைய மொத்தம் குறைவாகத் தெரியும். உண்மையில் வரி கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்குப் போவது, யாரிடம் லோன் வாங்கினாலும் அது மாறாது. ஏ, பி இரண்டின் கூட்டுத்தொகை, வட்டி விகிதம், லெண்டர் கிரெடிட் (உங்கள் செலவுக்காக லோன் தருபவர் தரும் தொகை) இம்மூன்றையும் ஒரே நாளில் வாங்கிய தாள்களில் பாருங்கள். குறைவான தாளை இன்னொருவரிடம் காட்டி இதற்கு இறங்குவீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. இங்கே அது சாதாரண வழக்கம், நம்மவர்கள்தான் கூச்சப்படுகிறார்கள்.

எஸ்டிமேட்டில் போட்ட எண்ணை அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. லோன் தருபவரின் சொந்தக் கட்டணமும் கைமாற்று வரியும் ஒரு டாலர்கூட ஏறக்கூடாது. பதிவுக் கட்டணமும், அவர்கள் தந்த பட்டியலிலிருந்தே நீங்கள் எடுத்த ஆட்களின் கட்டணமும் மொத்தமாகச் சேர்த்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. இன்ஷூரன்ஸ், வட்டி முன்பணம், எஸ்க்ரோ வைப்பு, நீங்களே வெளியே தேடிப் பிடித்த ஆட்களின் கட்டணம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. நியாயமான காரணம் இல்லாமல் வரம்பை மீறி ஏறியிருந்தால் அந்த வித்தியாசத்தை லோன் தருபவரே ஏற்க வேண்டும். க்ளோசிங்குக்குப் பிறகு தெரியவந்தாலும் 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

டைட்டில்

ஊரில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்போம் இல்லையா, இங்கே அந்த வேலையை டைட்டில் கம்பெனி செய்கிறது. பழைய கடன், கட்டாத வரி, வாரிசு உரிமை எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, தேடலில் தப்பியது ஏதாவது பின்னால் கிளம்பினால் ஈடு தருவதாக இன்ஷூரன்ஸும் தருகிறது. லோன் தருபவருக்கு ஒரு பாலிசி, அது கட்டாயம். உங்களுக்கு ஒரு பாலிசி, அது உங்கள் விருப்பம். கட்டாயம் வாங்கிவிடுங்கள். ஒரே தடவை கட்டுவதுதான், வீடு உங்களிடம் இருக்கும் வரை காப்பு உண்டு.

யார் கட்டுவது என்பது ஊர் வழக்கம். டெக்சஸில் உங்கள் பாலிசிக்குப் பெரும்பாலும் விற்பவர் கட்டுவார். பிரீமியத்தை அங்கே மாநில இன்ஷூரன்ஸ் துறையே நிர்ணயிக்கிறது, கம்பெனி மாற்றினாலும் குறையாது. வடக்குக் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா கவுண்டியில் விற்பவர் கட்டுவதும், பக்கத்து அலமீடா கவுண்டியில் வாங்குபவர் கட்டுவதும் வழக்கம். சன்னிவேலில் வீடு வாங்கிய நண்பரின் கணக்கை வைத்து ஃப்ரீமான்ட் வீட்டுக்கு மதிப்புப் போடாதீர்கள். வழக்கம்தான், சட்டமில்லை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் பெயரைச் சரிபார்ப்பதும் முக்கியம். நம் பெயர்களில் இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி என்று குழப்பம் நிறைய. முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டிருக்கும் லைசென்ஸ்களும் உண்டு. டைட்டில் ஆபீசிடம் எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாமே ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கணவன் மனைவியில் ஒருவர் க்ளோசிங் சமயத்தில் ஊரில் இருப்பார் என்றால் அதையும் முதல் வாரமே சொல்லுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி வாசகத்தை லோன் கம்பெனியும் டைட்டில் கம்பெனியும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி கையெழுத்துக்கு நேரம் வாங்க வேண்டியும் வரலாம்.

எஸ்க்ரோ வைப்பு எப்படி வருகிறது

டல்லாஸ் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக. விலை 6,00,000 டாலர், லோன் 4,80,000, வட்டி 6.5 சதவீதம். வீட்டு வரி ஆண்டுக்கு 10,800, அதாவது மாதம் 900. இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 4,200, மாதம் 350. ஜூன் 20 அன்று க்ளோசிங், முதல் தவணை ஆகஸ்ட் 1.

ஜூன் 20 முதல் 30 வரை பதினோரு நாள் வட்டி முன்பணமாக வாங்குவார்கள். ஒரு நாள் வட்டி 85.48, மொத்தம் சுமார் 940 டாலர். மாதக் கடைசியில் க்ளோஸ் செய்தால் இது குறையும். ஆனால் அது மிச்சம் இல்லை, வீட்டில் இருந்த நாளுக்குத்தான் வட்டி. கையில் பணம் இறுக்கமாக இருந்தால் மட்டும் அந்தத் தேதி உதவும்.

முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ் 4,200 முழுதாகக் கட்ட வேண்டும். அப்புறம் எஸ்க்ரோ வைப்பு. டிசம்பரில் லோன் கம்பெனி 10,800 வரி கட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து தவணையில் கணக்கில் சேர்வது 1,250 வீதம் 6,250. வரி கட்டினால் 4,550 குறைகிறது. அதற்கு மேல் இரண்டு மாதத் தொகை, அதாவது 2,500, கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆண்டுத் தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. ஆக தொடக்க வைப்பு 7,050 டாலர். தாளில் வரிக்கு ஒன்பது மாதம், இன்ஷூரன்ஸுக்கு மூன்று மாதம் என்று 9,150 போட்டுவிட்டு, கீழே ஒரு கழித்தல் எண் 2,100 என்று இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் வரும் அதிகப்படியைச் சரிசெய்யும் எண் அது, பயப்பட வேண்டாம்.

இனி மூன்று பங்கையும் கூட்டிப் பாருங்கள். வேலைக்கான கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 3,950 என்று வைத்துக்கொள்வோம். டெக்சஸில் கைமாற்று வரி இல்லை, பதிவுக் கட்டணம் 150. மூன்றாவது பங்கு 940, 4,200, 7,050 சேர்ந்து 12,190. மொத்தம் 16,290 டாலர். அதில் முக்கால் பங்கு உங்கள் சொந்த வரியும் இன்ஷூரன்ஸும் வட்டியும்தான்.

இதற்கு எதிராக ஒரு வரவும் உண்டு. டெக்சஸில் வரி ஆண்டுக் கடைசியில் கட்டுவது. ஜனவரி 1 முதல் ஜூன் 19 வரை வீடு விற்பவருடையது, அந்த 170 நாள் வரி சுமார் 5,030 டாலரை அவர் உங்களுக்குத் தருவார். எர்னஸ்ட் மணி 6,000 ஏற்கெனவே கட்டியாயிற்று. டவுன் பேமென்ட் 1,20,000 உடன் 16,290 சேர்த்து, 5,030-ஐயும் 6,000-ஐயும் கழித்தால் கடைசியில் அனுப்ப வேண்டியது 1,25,260 டாலர். உங்கள் தாளை வைத்து இதே கூட்டல் கழித்தலை ஒரு தடவை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

20 சதவீதம் போட்டவர்கள் எஸ்க்ரோ கணக்கே வேண்டாம் என்று கேட்கலாம், பல லோன்களில் ஒப்புக்கொள்வார்கள். அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ லோனில் முடியாது. வரித் தேதியை நினைவில் வைத்து அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் கேளுங்கள். முதல் வீட்டுக்கு நான் கணக்கை வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

புது வீடு வாங்குபவர்கள் கவனிக்க

பில்டரிடம் புது வீடு வாங்கும் நம்மவர்கள் அதிகம், இரண்டாம் ஆண்டில் அடிபடுவதும் அவர்கள்தான். டெக்சஸில் ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்து அந்த ஆண்டு வரி. அன்று வெறும் மனை என்றால் மனைக்கு மட்டும் வரி. மனை மதிப்பு 1,20,000 என்றால் 1.8 சதவீதத்தில் ஆண்டுக்கு 2,160, மாதம் 180 தான். தவணை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கார் ஒன்றும் வாங்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் 10,800 பில் வரும். லோன் கம்பெனி அதைக் கட்டிவிடும். 8,640 குறையைப் பன்னிரண்டு மாதத்தில் வாங்கினால் மாதம் 720. இனி வரும் வரிக்காக மாதம் இன்னொரு 720. தவணை 1,440 டாலர் ஒரேயடியாக ஏறும், கையிருப்புப் பங்கும் மேலே சேரும். க்ளோசிங்குக்கு முன்பே, முழு மதிப்பை வைத்து வரியைக் கணக்கிடச் சொல்லி லோன் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அந்த வித்தியாசத்தை நீங்களே மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி. 1978இல் வந்த புரொபோசிஷன் 13 சட்டப்படி, பழைய உரிமையாளர் வைத்திருந்த வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நீங்கள் வாங்கியதும் புது விலைக்கு மாறும். இடைப்பட்ட மாதங்களின் வித்தியாசத்துக்கு சப்ளிமென்டல் பில் என்று தனியாக ஒன்று, சில சமயம் இரண்டு, சில மாதம் கழித்து நேராக உங்கள் வீட்டுக்கு வரும். லோன் கம்பெனி இதை எஸ்க்ரோவிலிருந்து பொதுவாகக் கட்டாது. அவர்கள் கட்டுவார்கள் என்று விட்டால் அபராதம் உங்களுக்கு.

பில்டர்கள் தங்கள் லோன் கம்பெனியையும் டைட்டில் கம்பெனியையும் எடுத்தால் க்ளோசிங் செலவில் இத்தனை ஆயிரம் தள்ளுபடி என்பார்கள். நல்ல சலுகையாகவும் இருக்கலாம். ஆனால் வெளியே ஒரு லோன் எஸ்டிமேட் வாங்கி வட்டியை ஒப்பிடாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தள்ளுபடியை வட்டியில் திருப்பி எடுத்துவிட முடியும்.

ஊரிலிருந்து வரும் பணம்

அப்பா அம்மா அனுப்பும் பணத்தை டவுன் பேமென்டில் சேர்ப்பவர்கள் ஆஃபருக்கு முன்பே அதை வரவழைத்துவிடுங்கள். லோன் கம்பெனி வழக்கமாகக் கடைசி இரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்க்கும், பெரிய தொகை எதுவானாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். திருப்பித் தர வேண்டியதில்லை என்று பெற்றோர் கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர் வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாடு அனுப்பலாம். நீங்கள் ஒரு ஆண்டில் வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால் வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் படிவம் 3520 கொடுக்க வேண்டும். வரி இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் கொடுக்கத் தவறினால் அபராதம் அன்பளிப்பில் 25 சதவீதம் வரை போகலாம்.

கடைசி வாரம்

கையெழுத்துக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற ஐந்து பக்கத் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். சனிக்கிழமையும் இந்தக் கணக்கில் சேரும், ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. லோன் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பெயர், முகவரி, வட்டி, லோன் தொகை, எர்னஸ்ட் மணி கழித்திருக்கிறதா, விற்பவர் தருவதாகச் சொன்ன கிரெடிட் வந்திருக்கிறதா. சந்தேகம் இருந்தால் அன்றே ஈமெயிலில் கேளுங்கள். கையெழுத்து மேசையில் நோட்டரி முன்னால் கேட்டால் அவரால் எதையும் மாற்ற முடியாது.

இந்த வாரத்தில்தான் திருடர்களும் வருவார்கள். ஏஜென்ட் அல்லது டைட்டில் கம்பெனியின் ஈமெயிலைப் படித்துக்கொண்டிருந்து, அதே மாதிரி முகவரியிலிருந்து "பேங்க் கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு வயர் செய்யுங்கள்" என்று அனுப்புவார்கள். போன பணம் திரும்புவது கடினம். ஈமெயிலில் இருக்கும் போன் எண்ணை நம்பாமல், முதல் நாளே நேரில் வாங்கி வைத்த எண்ணுக்குப் போன் செய்து கணக்கு எண்ணை வாயால் சொல்லிச் சரிபார்த்த பிறகே வயர் அனுப்புங்கள். தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே உங்கள் பேங்கைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும் புகார் கொடுங்கள்.

டெக்சஸ், நியூ ஜெர்சியில் பெரும்பாலும் கையெழுத்தான அன்றே பணம் போய்ச் சாவி வரும். கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போட்ட பிறகு கவுண்டியில் பத்திரம் பதிவாக ஓரிரு நாள் ஆகும், பதிவான பிறகுதான் வீடு உங்களுடையது. பழைய வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியில் இதற்கு இடம் விட்டு வையுங்கள்.

விற்பவர் பக்கம்

விற்பவருக்குப் பெரிய செலவு கமிஷன். அடுத்தது கைமாற்று வரி. கலிஃபோர்னியாவில் ஆயிரம் டாலருக்கு 1.10 கவுண்டி வரி, சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் போன்ற நகரங்கள் இதைவிடப் பல மடங்கு வாங்கும். நியூ ஜெர்சியில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வீட்டுக்கு வாங்குபவர் கட்டி வந்த 1 சதவீதக் கட்டணம் 2025 ஜூலை 10 முதல் விற்பவர் தலையில் வந்துவிட்டது, விலை ஏற ஏற 3.5 சதவீதம் வரை போகும். பழைய லோனின் பாக்கி, கடைசி நாள் வரை வட்டியோடு அடைபடும். அதன் எஸ்க்ரோ கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை 20 வேலை நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். புது முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், செக் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

ஊருக்குத் திரும்பிப் போன பிறகு இங்குள்ள வீட்டை விற்பவர்கள் ஃபிர்ப்டா சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். வரி விஷயத்தில் நீங்கள் வெளிநாட்டவர் ஆகிவிட்டால், வாங்குபவர் விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். அது லாபத்தில் கணக்கிடுவது அல்ல, முழு விலையில். 6 லட்சம் வீட்டுக்கு 90,000 டாலர். வாங்குபவர் தாமே குடியிருக்க வாங்குகிறார், விலை 10 லட்சத்துக்குள் என்றால் 10 சதவீதம். அப்படிக் குடியிருக்க வாங்கும் வீடு 3 லட்சத்துக்குள் என்றால் பிடித்தம் இல்லை. உண்மையான வரி குறைவு என்றால் க்ளோசிங் தேதிக்குள் படிவம் 8288-பி கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். எச்1பி விசாவில் இங்கேயே இருந்து வரி கட்டி வருபவர்கள் பெரும்பாலும் இதில் வரமாட்டார்கள், நான் வெளிநாட்டவர் அல்ல என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். கடந்த ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அந்த வீட்டில் வசித்திருந்தால் லாபத்தில் 2,50,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 5,00,000 வரை வரி இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் மூன்று ஆண்டு தாண்டும் முன்பு விற்பதைப் பற்றி வரிக் கணக்குப் பார்க்கும் ஒரு சிபிஏவிடம் பேசிவிடுங்கள்.

சாவி வாங்கிய பிறகு

டெக்சஸ் என்றால் லைசென்ஸில் முகவரியை மாற்றி, கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (தாமே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு செய்து தருவதாகவும், உங்கள் பத்திர நகல் 100 டாலருக்குத் தருவதாகவும் அரசுக் கடிதம் போலவே தபால் வரும், தூக்கிப் போடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை எஸ்க்ரோ கணக்கு அறிக்கை வரும். அதில் போட்டிருக்கும் வரித் தொகையைக் கவுண்டி தளத்தில் இருக்கும் உங்கள் பில்லோடு ஒப்பிடுங்கள். 50 டாலருக்கு மேல் அதிகம் இருந்தால், தவணை பாக்கி இல்லாதவர்களுக்கு 30 நாளுக்குள் செக் அனுப்ப வேண்டும். குறைந்திருந்தால் ஒரேயடியாகவும் கட்டலாம், பன்னிரண்டு மாதத்தில் பிரித்தும் கட்டலாம். வட்டி கிடையாது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறியிருப்பதுதான் காரணம் என்றால் வேறு கம்பெனியில் விலை கேளுங்கள்.

உங்கள் லோனை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தாலும் பயப்பட வேண்டாம், இங்கே அடிக்கடி நடப்பதுதான். பழைய கம்பெனியைக் கூப்பிட்டு உண்மைதானா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாறிய முதல் 60 நாளில் தவணை தவறுதலாகப் பழைய இடத்துக்குப் போயிருந்தால், நேரத்துக்குக் கட்டியிருக்கும் வரை தாமதக் கட்டணம் போட முடியாது. வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியில் லோன் கம்பெனியின் பெயரைப் புதிய பெயருக்கு மாற்றச் சொல்லி இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு அன்றே ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பிரீமியம் பில் பழைய கம்பெனிக்கே போய்க் கட்டப்படாமல் கிடக்கும்.